செண்பகாவின் கழுத்து

மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை, அவருக்கு வலப்பக்கம் ஜன்னலோரம் வகுப்பாசிரியை ஜெசிந்தா மிஸ், இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், பதினொரு வயது என் மகள் செண்பகா மட்டும் நிற்கிறாள், யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுது, பிறகு பேச்சை எழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், மாவட்டக் கல்வி அலுவலருக்கான கடிதம் இது, அனுப்புநர், பெறுநர், பொருள், கோவில்பட்டிப் பள்ளியில் நான் படித்த வரிசை, ஆனால் பொருள் என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது, நினைப்பு கடலைமிட்டாய்க் கொட்டகைக்குப் போய்விடுகிறது, அங்கே நாளெல்லாம் மிட்டாய் வெட்டிப் பொட்டலம் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன், ஆறு வயதிலிருந்து இன்சுலின் போடுகிற பிள்ளை, சில மாதமாக முகம் உப்புகிறது, வகுப்பில் தூங்கி விழுகிறாள், சித்திரை வெயிலில் போர்வை கேட்கிறாள், திருட்டு மிட்டாய் தின்கிறாள் என்று முடிவுகட்டி அவள் கையை இழுத்து மோந்து பார்த்தேன், வெல்லம் மணத்தது, அடித்துவிட்டேன், அது உன் கை வாசம்மா என்றாள், அழக்கூட இல்லை.

சர்க்கரை நோட்டில் நானே எழுதிய எண்கள், ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு என்று இறங்கிக் கிடக்கின்றன, மிட்டாய் தின்றால் ஏறாதா, எழுதத் தெரிந்த எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அரசு மருத்துவமனை டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, எச்சில் முழுங்கு பாப்பா என்று கழுத்தைத் தடவுகிறார், தைராய்டு வீங்கியிருக்கும்மா, கணையத்தக் கெடுத்த அதே கோளாறு இதையும் கெடுக்கும், இந்தப் பிள்ளைங்களுக்கு வருசா வருசம் ரத்தம் பாக்கணும், யாரும் சொல்லலையா, யாரும் சொல்லவில்லை, ரத்தம் பார்த்ததில் அதுவேதான், காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, இன்சுலினையும் குறைத்து எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை தொடங்கிய பன்னிரண்டாம் நாள் பள்ளியில் கூப்பிட்டார்கள், தலைமையாசிரியை ஒரு தாளை நகர்த்துகிறார், சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. கேட்கிறேன் என்று என் பெயரில் எழுதியிருக்கிறது, இது என் நடையே இல்லையே டீச்சர் என்றேன், மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு, கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா நாளைக்கு வகுப்புல உக்கார விட மாட்டோம் என்றார், அரிசி மூட்டை மாதிரி இருக்கா, பாடம் எப்பிடி ஏறும் என்று ஜெசிந்தா மிஸ் சிரித்தார், அப்போதுதான் செண்பகா வாயைத் திறந்தாள், மூட்டைக்குத் தைராய்டு மிஸ், மாத்திரை போட்டாச்சு, ரெண்டு மாசம் பொறுங்க என்றாள், நான் தாளைத் தலைமையாசிரியை பக்கமே திரும்ப நகர்த்தினேன், அவ பையில குளுக்கோஸ் இருக்கு, அதப் பிடுங்காம இருங்க, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம், நாளைக்கு மணியடிக்கும்போது வருவா என்றேன், ஒருமுறை இவளை நம்பாமல் அடித்தவள் நான், இன்னொருவர் அடிக்க எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பொருள், என் மகள் அதே வகுப்பில் தொடர்ந்து படிப்பது குறித்து, எழுதிவிட்டேன், ரத்தப் பரிசோதனை நகலும் வைத்தாயிற்று, தபால் நிலையத்தில் உறையின் வாயை ஒட்டும்போது, அவுக பதில் போடலேன்னா என்கிறாள் செண்பகா, அதுக்கு மேல ஆபீஸ் இல்லையா, என்கிட்ட பேப்பர் இல்லையா என்கிறேன், எழுத்தர் உறையை எடை போட்டு, முக்கியமானதா பாப்பா என்று கேட்கிறார், ஆமாண்ணே, நல்லா அழுத்திக் குத்துங்க என்கிறாள், அவர் கையை ஓங்கி முத்திரையை இறக்குகிறார், மேசை அதிர்கிறது.