சிவப்புக்குள் புளியங்கொட்டை

கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளில் ஆறு குட்டித் தலையணைகள் தைத்துக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சிவப்பில் இரண்டு, பச்சையில் இரண்டு, மஞ்சளில் இரண்டு. எல்லாம் ஒரே பாப்ளின், ஒரே அளவு, உள்ளே ஒரே பஞ்சு. செஞ்சிக் கடைத்தெருவில் தாவூத் டெய்லர் தைத்தால் அளவு நூலளவும் பிசகாது என்பார்கள். ஆறையும் பாயில் கலைத்துப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு வசந்தாவைக் கூப்பிட்டார். "எங்க பீரு ஜோடி சேக்கறத வந்து பாரும்மா" என்று மகனைப் பாய் நடுவில் உட்கார வைத்தார்.

பீர் முகமதுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. ஜோடி சேர்ப்பதில் அவன் புலி என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்தான். என்னைப் போல ஒரு கெட்டிக்காரியை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்த விளையாட்டு வந்த கதை இது. அறுபத்தாறு கோடையில் அவனுக்கு மணல்வாரி அம்மை போட்டது. வெளிச்சம் படக்கூடாது என்றார்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு நானும் உள்ளே கிடந்தேன். வசந்தா வந்து வாசலில் வேப்பிலை செருகினாள். இவர் தர்காவுக்குப் போய் ஓதிய தண்ணீர் வாங்கிவந்தார். யார் எதைச் சொன்னாலும் நாங்கள் தட்டவில்லை. கீரை ஆகாது, முட்டை ஆகாது, கவிச்சி கூடவே கூடாது என்றார்கள். வெறும் கஞ்சி கொடுத்தேன். உடம்பைச் சொறிந்துகொண்டு ஓயாமல் அழுத பிள்ளையை அடக்க வேறு வழி தெரியாமல், ஒரு முறத்தில் அவனுடைய விளையாட்டுச் சாமான்களை வாரிப் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். மரச் சொப்பு, அதன் மூடி, காலியான நூல் கட்டைகள், என் பழைய ரப்பர் வளையல்கள், கடையில் உதிர்ந்த பித்தான்கள், சோழிகள். ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்து, "இதுக்கு ஜோடி எங்க?" என்பேன். முறத்தைத் துழாவி எடுத்து நீட்டுவான். நாலே நாளில், எனக்கே குழப்பும் பித்தான்களை இரண்டு ஓட்டை, நாலு ஓட்டை என்று விரலாலேயே பிரிக்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றுக்கும் "ஜோடி!" என்று ஒரு கத்தல். அந்த இருட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம். இப்போது நினைத்தால் அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினைந்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கதவைத் திறந்தோம். கண்ணைத் திறக்காமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இருட்டிலேயே கிடந்த பிள்ளை, கூசத்தானே செய்யும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். இடது கண்ணில் பாலாடை மாதிரி ஏதோ தெரிந்தது. பீளை என்று முந்தானையால் துடைத்துவிட்டேன். நடக்கத் தெம்பில்லாததால் இடுப்பிலேயே கிடந்தான். முறத்தை வைத்தால் மட்டும் உட்கார்ந்து, வழக்கம்போலப் பட்டுப்பட்டென்று ஜோடி எடுத்தான். எனக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

அன்று பாய் நடுவில் உட்கார்ந்தவன் ஒரு சிவப்புத் தலையணையை எடுத்துத் தடவினான். பிறகு பச்சையை எடுத்துத் தடவினான். இரண்டையும் தூக்கிக் காட்டி, "ஜோடி!" என்றான்.

"டேய், செவப்பும் பச்சையும் ஜோடியாடா?" என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கொழந்தைக்கு கலரு இன்னாண்ணா தெரியும்? நாலு வயசாவது ஆவணும்" என்றாள் வசந்தா.

நான் சிரிக்கவில்லை. காய்ச்சலுக்கு முன்னால், திண்டிவனம் பஸ் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் "செவப்பு பஸ்சு! செவப்பு பஸ்சு!" என்று என் இடுப்பில் குதித்தவன் அவன். அவனுக்குத் தெரிந்த ஒரே நிறம் அதுதான்.

அவர்கள் போனதும் ஒரு வெல்லக்கட்டியை எடுத்து, சத்தமில்லாமல் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் தலையணையைத் தடவிக்கொண்டே இருந்தான். இன்னும் கிட்டே கொண்டுபோனேன். மூக்குக்கு வாசனை எட்டிய பிறகுதான் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தான்.

வேறு ஒருத்தியாக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலறியபடி கடைக்கு ஓடியிருப்பாள். நான் ஊசி நூலை எடுத்தேன். சிவப்புத் தலையணைகளின் ஓரத்தைப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு புளியங்கொட்டை வைத்துத் தைத்தேன். மஞ்சளில் ஒவ்வொரு பித்தான். பச்சையை அப்படியே விட்டேன். காய்ச்சல் அலுப்பு, நாலு நாளில் தெளிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. இருட்டில் அடைத்தது நான், கஞ்சியை மட்டும் கொடுத்தது நான், முறத்தைப் பார்த்து ஏமாந்தவளும் நான். இதையெல்லாம் இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் பீரு மூன்று ஜோடியும் சரியாக எடுத்தான். இவர் அவனை உத்தரம் தட்டத் தூக்கி ஆட்டினார். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மகனின் பெருமைதான். நான் வேளை தவறாமல் தொழுதேன், ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் பிள்ளையை வாசலுக்குத் தூக்கிவந்து, "மலை எங்கடா கண்ணு?" என்று கேட்டேன். எதிரே அத்தனை பெரிய ராஜகிரி நின்றது. அவன் ஒரு தடவை தெருவைக் காட்டினான், ஒரு தடவை என் நெஞ்சைக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் அல்லாவிடம் இன்னொரு வேளை தவணை கேட்டேன்.

மூன்றாம் நாள் காலை கடைக்குக் கிளம்பியவர், போகிற போக்கில் ஒரு சிவப்புத் தலையணையைக் கையில் எடுத்தார். ஓரத்தில் ஓடிய விரல் நின்றது.

"இது என் தையல் இல்லியே."

நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு சாகிரா பிரிச்ச?"

தலையணையை அமுக்கிப் பார்த்தார். பிறகு மஞ்சளை அமுக்கினார். கண்ணைச் சுருக்கியபடி பாயைத் துழாவிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். அவன் முன்னால் குந்தி, முகத்துக்கு நேரே கையை மெதுவாக ஆட்டினார்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"முந்தாநாள்லேர்ந்து."

என்னை அடித்திருக்கலாம். அவர் தன் தலையில் அடித்துக்கொண்டார்.

துரைக்கண்ணு கம்பவுண்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் இமையை விரித்துப் பார்த்தார். பிள்ளை வீரிட்டான். "சத்தில்லாத ஒடம்பு, அம்மை கண்ணுல எறங்கியிருக்குது. எடது கண்ணுக்கு என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. வலது கண்ணுல கொஞ்சம் தெளிவு இருக்குது. இப்பவே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க. நாளைக்கின்னு வெச்சிக்காதீங்க."

"முந்தாநாளே கொண்டாந்திருந்தா?" என்றேன்.

அவர் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். இவர்தான் என் தோளைத் தொட்டு வெளியே அழைத்துவந்தார்.

திண்டிவனம் வரைக்கும் அதே சிவப்பு பஸ். அங்கே இறங்கிப் பாண்டிச்சேரிக்கு மாற வேண்டும். ஜன்னலோரம் நான், மடியில் பீரு, பக்கத்தில் இவர். மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் இரண்டு கையிலும் சிவப்புத் தலையணைகள் இருந்தன. என் கண்ணீர் அவன்மேல் விழுந்துவிடக்கூடாது என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவன் தலையணைகளை மடியில் போட்டுவிட்டு என் முகத்தைத் தேடினான். தாடை, மூக்கு, மூக்குத்தி என்று ஏறிவந்த விரல் என் கண்ணில் வந்து நின்றது. ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான். இன்னொரு கையைத் தூக்கித் தன் கண்ணில் வைத்தான். வெளிச்சம் கூசி அங்கேயும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அத்தா, ஜோடி!" என்றான்.

இரண்டு விரலையும் எடுக்காமல், அத்தா இருக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பி, அவர் தன்னைத் தூக்கி ஆட்டுவதற்காகக் காத்திருந்தான்.