பதினாறே முக்கால் அடி

எங்கள் வீட்டில் யாரும் ஒரு எண்ணைச் சொன்ன மாதிரியே ஏற்றுக்கொண்டது கிடையாது. அப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது நர்ஸ் வந்து பார்த்துவிட்டு நூற்று மூன்று என்றாள். அப்பா போர்வைக்குள்ளிருந்தே, “நூத்தி ரெண்டுன்னு போட்டுக்கம்மா” என்றார். டாக்டர் பத்து நாள் ஓய்வு சொன்னார். அப்பா நான்கில் ஆரம்பித்து, ஆறில் முடித்துக்கொண்டு, ஐந்தாம் நாள் காலையில் கடையில் உட்கார்ந்திருந்தார். நான் கணக்கில் இருபத்தெட்டு வாங்கிய வருஷம் தலைமையாசிரியரைப் பார்க்கப் போய், இருபத்தெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் நடுவில் ஏதாவது பார்த்துச் செய்யும்படி கேட்டார். அப்பா அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்த முதல் சரக்கு அம்மா என்று சித்தப்பா சொல்வார், அம்மா காதில் விழாத தூரத்தில்.

அந்த வீட்டிலிருந்து தரையில் கோடு போடும் தொழிலுக்கு வந்தவன் நான். வண்டி நிறுத்தும் கட்டங்கள், அம்புக்குறிகள், வேகத்தடையின் மஞ்சள் பட்டைகள், தீயணைப்பு வண்டிக்கென்று ஒதுக்கும் சிவப்பு ஓரக்கோட்டு வழி, எல்லாம் என் கைவேலை. அண்ணன் மற்றவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, “தம்பி ரோட்டுல கிறுக்குறான்” என்பார். அவர் வீட்டு உபயோகப் பொருள் விற்கிறார். முப்பத்திரண்டு கடைகள் உள்ள மூன்று மாடி வணிக வளாகத்தில், பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த பெரிய கடை அவருடையது. கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

தீயணைப்புத் துறையிலிருந்து வளாகத்துக்கு நோட்டீஸ் வந்தது. பின்சந்து முழுக்க இருபது அடி அகலத்துக்குத் தடையில்லாத வழி வேண்டும், சிவப்புக் கோடு போட்டு எழுத்தும் எழுதியிருக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருப்பவற்றை இடிக்க வேண்டும், இல்லையென்றால் உரிமம் புதுப்பிக்கப்படாது. சங்கக் கூட்டத்தில் வேலையை எனக்கே கொடுத்துவிடலாம் என்று அண்ணன் சொன்னாராம். அதற்கு அவர் சொன்ன காரணத்தை அண்ணிதான் என்னிடம் சொன்னார்: “வெளியாளுக்குக் கொடுத்தா அளந்து போட்டுருவான்.”

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில் பழுது பார்க்கும் அறை அவருடையது. மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ மேஜைக்கு வந்தால், கழற்றிய திருகுகளை வரிசையாக ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, யாரோடாவது பேசிக்கொண்டே மாட்டி முடித்துவிடுவார். எங்கள் குடும்பத்தில் சொன்ன நாளில் சொன்ன பொருளைத் திருப்பிக் கொடுக்கும் ஒரே ஆள். அதனாலேயே அவரைக் கொஞ்சம் விவரமில்லாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

நான் சந்தில் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்த அன்று ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, அந்த வழி யாருக்காம்?”

“உங்களுக்குத்தான் அண்ணி.”

“அப்போ ஒழுங்கா போடுங்க. அன்னைக்கு நோட்டீஸோட வந்த ஆபீசர் இந்த ஜன்னலைக் காட்டித்தான் சொல்லிட்டுப் போனார். எனக்கு இருக்கறது ஒரே படி. அதுலயும் பாதியை உங்கண்ணன் அட்டைப்பெட்டிக்குக் குடி வச்சுட்டார். படி அடைஞ்சா, ஏணி வண்டி வந்து இந்த ஜன்னல்ல எடுத்தாத்தான் உண்டு.”

“இருபது அடி. ஒரு அங்குலம் குறையாது” என்றேன். சொன்னபோது அதை மனதாரத்தான் சொன்னேன்.

சந்து சுவருக்குச் சுவர் சரியாக இருபது அடி. கட்டியவன் சட்டத்தை மதித்துக் கட்டியிருந்தான். ஆனால் அண்ணன் கடை வாசலில் சரக்கு இறக்க ஒரு சிமெண்ட் மேடை, நாலடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இருபதில் நாலு போனால் பதினாறு. மேடையை இடிக்க வேண்டும் என்று சொல்லத்தான் உள்ளே போனேன்.

அண்ணன் என்னைப் பிரிக்காத ஃபிரிட்ஜ் பெட்டி ஒன்றின் பக்கத்தில் உட்கார வைத்து டீ வரவழைத்தார். எங்கள் வீட்டில் டீ வந்தால் பேரம் தொடங்கிவிட்டது என்று பொருள். அவர் முதலில் கேட்டது பதினைந்து. மேடையும் இருக்க வேண்டும், மேடைக்கு முன்னால் ஒரு அடியில் பெட்டி அடுக்கவும் வேண்டும். நான் இருபதில் நின்றேன்.

“தீயணைப்பு வண்டி என்ன அகலம்?”

“எட்டரை இருக்கும்.”

“எட்டரை அடி வண்டிக்கு இருபது அடியா? ரெண்டு வண்டி கைகோத்துக்கிட்டு வருமா?”

சட்டம் அப்படி என்றேன்.

“சட்டம் அவங்க சொல்ற விலை. நான் கேக்குறது காரணம். எதுக்கு இருபது?”

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக இந்தக் கோட்டைப் போடுகிறேன், எதற்கு இருபது என்று யாரையும் கேட்டதில்லை. காரணம் சொல்ல முடியாதவன் இறங்கித்தான் ஆக வேண்டும். அது எங்கள் ரத்தத்தில் ஊறியது. பத்தொன்பது என்று என் வாய்தான் சொன்னது.

அதற்குப் பிறகு எல்லாம் பழகிய பாதைதான். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வாசல்வரை போனேன். அவர் கூப்பிட்டார். இந்த வேலையை யார் வாங்கிக் கொடுத்தது என்று ஞாபகப்படுத்தினார். நான் பதினெட்டுக்கு வந்தேன். அவர் பதினாறுக்கு வந்தார். பதினெட்டில் பேச்சு கொஞ்ச நேரம் நின்றது. அண்ணன் மேடையைப் பார்த்துக்கொண்டு தாடையைத் தடவினார். இன்னும் ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் நான் சும்மா இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நானோ, தொழிலில் இல்லாத ஒரு அவசரத்தில், “சரி, நீயே ஒண்ணு சொல்லு” என்றேன்.

பதினாறே முக்காலில் முடிந்தது. மேடையின் விளிம்பில் ஒன்பது அங்குலத்தை வெட்டித் தர அவர் ஒப்புக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார். அண்ணனிடமிருந்து ஒன்பது அங்குலம் சிமெண்டைப் பிடுங்கியவன் குடும்பத்திலேயே நான்தான். அப்பா உயிரோடிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். படியிறங்கி வந்த அண்ணியிடம், “பேசி முடிச்சாச்சு அண்ணி” என்றேன். எவ்வளவுக்கு என்று அவர் கேட்கவில்லை. இருபதைப் பேசி முடிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

கோட்டை நான் போட்டதைப் பற்றி இப்போது சொல்லிக்கொள்வதில் பெருமை இல்லை, ஆனால் அப்போது இருந்தது. சந்தின் இரண்டு வாயிலும் இருபது அடி. மேடை வரும் இடத்துக்கு முப்பது அடி முன்பிருந்தே நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, மேடையைத் தாண்டி முப்பது அடியில் வெளியே கொண்டுபோனேன். சுண்ணாம்புத் தூள் தடவிய நூலை இருபது ஆணிகளில் கட்டி அடித்தேன். அதன் மேல் பெயிண்டை உருக்கி ஊற்றினேன். வாயில் நின்று பார்த்தால் கோடு நேராகப் போவதாகத்தான் கண் சொல்லும். எழுத்து வெட்டிய தகடு வைத்து ‘தீயணைப்பு வழி, வண்டி நிறுத்தாதீர்கள்’ என்று எழுதினேன். சங்கத்தில் ஒருவர், ‘நிறுத்தாதே’ என்றால் எழுத்து குறையுமே என்றார். மரியாதையில் நான் கை வைக்கவில்லை.

தீயணைப்பு அதிகாரி ஒரு மத்தியானம் வந்தார். நல்ல வெயில். இரண்டு வாயையும் அளந்தார், இருபது, இருபது. மேடைப் பக்கம் திரும்பினார். அண்ணன் முந்திக்கொண்டு, “இடிச்சாச்சு சார், பாருங்க” என்று வெட்டிய விளிம்பைக் காட்டினார். புதுசாக வெட்டிய சிமெண்ட் வெளுப்பாக, பார்க்க ரொம்ப யோக்கியமாக இருந்தது. அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நடுவுல?”

“இருபதுதான் சார்.”

வாழ்க்கையில் நான் பேரம் பேசாமல் சொன்ன ஒரே எண் அது.

நான்கு மாதம் கழித்து, சாப்பாட்டு வேளையில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது மாடிப் படித் திருப்பத்தில் மின்சாரப் பெட்டி வெடித்து, அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொண்டுவிட்டன. நான் இரண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி வாசலில் வேலையாக இருந்தேன். ஓடி வந்தபோது ஏணி வண்டியும் சந்துக்குள் திரும்பியது. என் கோட்டுக்குள் சக்கரத்தை வைத்து, ஒரு பக்கமும் உரசாமல், அண்ணி ஜன்னலுக்குக் கீழே கச்சிதமாக வந்து நின்றது. அண்ணி ஜன்னலில் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கையைக் கூட ஆட்டினார். நானும் ஆட்டினேன். எட்டரை அடி வண்டிக்குப் பதினாறே முக்கால் தாராளம் என்று அந்த நொடியிலும் எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டான்.

வண்டியின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரும்புக் கால்கள் வெளியே நீள ஆரம்பித்தன. சுவர்ப் பக்கத்துக் கால் நீண்டு தரையில் ஊன்றியது. இந்தப் பக்கத்துக் கால் பாதி வந்து, மேடையில் முட்டி நின்றது.

வண்டிக்காரர் இறங்கி வந்து மேடையைப் பார்த்தார், தரையில் என் கோட்டைப் பார்த்தார்.

“இது இருபது இல்லையே.”

ஏணியைத் தூக்குங்கள் என்று அண்ணன் கத்தினார்.

“கால் முழுசா நீளாம ஏணி எழும்பாதுங்க. தூக்கினா வண்டியே சாஞ்சிடும். ரெண்டு காலுக்கும் சேத்துப் பதினெட்டு அடி வேணும்.”

பதினெட்டு. எதற்கு இருபது என்ற கேள்விக்கு நான்கு மாதம் கழித்துக் காரணம் கிடைத்தது. ஒன்றேகால் அடி குறைந்தது.

வண்டியைச் சந்து வாய்ப்பக்கம் பின்னுக்கு எடுத்து, அங்கே கால் ஊன்றி ஏணியைச் சாய்த்தார்கள். ஜன்னலுக்கு எட்டவில்லை. கை ஏணியை வைத்தார்கள். இரண்டாவது மாடியோடு நின்றுவிட்டது. கடைசியில் முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு பேர் படி வழியாகவே நுழைந்து, எரிகிற பெட்டிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு மேலே போனார்கள். அதற்குள் ஜன்னலில் ஆள் இல்லை. அண்ணன் ஒரு சம்மட்டியை எடுத்து வந்து மேடையை அடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவும் இல்லை. பதினான்கு நிமிடம் கழித்து அண்ணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

உயிர் இருந்தது. நுரையீரல் வெந்துவிட்டது என்றார் டாக்டர். இனிமேல் குழாய் இல்லாமல் மூச்சு இல்லை, மாடிப்படி என்ற பேச்சே இல்லை. எத்தனை மாதத்துக்குக் குழாய் என்று அண்ணன் கேட்டார். டாக்டர் மாதக் கணக்கில் பேசவில்லை. அண்ணன் இன்னொரு முறை, வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்துப்போனார். கண் வீங்கியிருந்தது, சவரம் செய்யவில்லை. குரல் மட்டும் கடைக் குரல்.

“நாளைக்கு விசாரணைக்கு வந்து அளக்கறாங்களாம். இன்னைக்கே ஆள் விட்டு மேடையை முழுசா எடுத்துடறேன். நீ கோட்டை நேராக்கிடு.”

“உருக்கி ஊத்தினது அண்ணா. சொரண்டி எடுத்தா தரையில தழும்பு நிக்கும்.”

“மேல கறுப்பு அடி.”

“குருடனுக்கும் தெரியும்.”

“அப்போ உன் பொழப்பும் போகும், என் பொழப்பும் போகும். பாத்துக்க.”

நான் அண்ணி இருந்த அறைக்குள் போனேன். அண்ணி விழித்திருந்தார். மூக்கில் குழாய், விரல் நுனியில் ஒரு கிளிப். எப்போதும் திருகு பிடித்துக்கொண்டிருக்கும் கை வெறுமனே போர்வை மேல் கிடந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பேச்சு காற்றாகத்தான் வந்தது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“எவ்வளவுக்கு முடிச்சீங்க, தம்பி?”

எனக்குப் புரிந்தது. “பதினாறே முக்கால், அண்ணி.”

அவர் இரண்டு மூச்சு எடுத்துக்கொண்டார்.

“முக்கால் வேறயா” என்றார். “நல்லாத்தான் பேசியிருக்கீங்க.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று நான் கோட்டைத் தொடவில்லை. மனசாட்சி என்று சொல்லிக்கொள்ளலாம், நாலு பேர் நம்பவும் நம்புவார்கள். தழும்பு தெரியும் என்பதுதான் நிஜம். மேடையை இடிக்க வந்த ஆட்களைப் போலீஸ்காரர் ஒருவர் சந்து வாயிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

மறுநாள் காலை அதே அதிகாரி வந்தார். கூட இரண்டு பேர் வந்திருந்தார்கள், கையில் பேப்பர். புகை படிந்த ஜன்னலை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் வாய்ப்பக்கம் போகவே இல்லை, நேராக மேடைக்கு வந்தார். டேப்பின் நுனியை என்னிடம் நீட்டினார்.

“நடுவுல பிடிங்க.”

வெட்டிய விளிம்பில் நுனியை அழுத்திப் பிடித்தேன். அவர் எதிர்ச்சுவர்வரை இழுத்துக்கொண்டு போய், குனிந்து பார்த்து, வாய்விட்டுப் படித்தார். பதினாறு அடி, ஒன்பது அங்குலம். பேப்பர் வைத்திருந்தவர் எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார்.

எனக்குப் பின்னால் நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“சார், பதினேழுன்னு போட்டுக்கங்க.”

என் வாயும் அதைச் சொல்லத்தான் திறந்திருந்தது. அவர் முந்திக்கொண்டார்.