படலைக்கு இந்தப் பக்கம்

அம்மாவின் சவப்பெட்டி வான் வண்டியில் வந்து இறங்கும்போது கேதீஸ்வரி கிணற்றடியில் நின்றுகொண்டு, வரவேண்டாம் என்பதை வரவேண்டாம் என்று எழுதாமல் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் எழுதுவதும் அழிப்பதுமாகவே கால்மணி நேரம் போய்விட்டது. முற்றத்தில் பந்தல்காரர் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து சின்னம்மா கூப்பிட்டாள்.

"கேதீஸ், குத்துவிளக்கை எங்கை பிள்ளை வைச்சிருக்கிறாய்?"

"சாமியறையிலை, இடப்பக்கத்து அலுமாரிக்குள்ளை."

"இஞ்சை காணேல்லையே."

"வாறன் சின்னம்மா."

கடைசியில் இப்படி எழுதினாள்: "வித்தியா, சரியான வெயில். பஸ்ஸிலும் இடம் காணாதாம். நீங்கள் அலையவேண்டாம். பிறகு கம்பஸில் சந்திப்பம்."

அனுப்பியதும் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெயிலைக் காரணம் சொல்லிச் செத்தவீட்டுக்கு ஆள் வராமல் தடுத்த முதல் மனுசி தானாகத்தான் இருக்கும் என்று அவளுக்கே தோன்றியது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு நிற்கவும் உடம்பில் தெம்பில்லை. அம்மா பாரிசவாதம் வந்து படுத்து ஒரு வருசத்துக்கு மேல். திருப்புவது, துடைப்பது, கரைத்து ஊட்டுவது எல்லாம் அவள்தான். நேற்று விடிய அம்மாவின் மூச்சு நின்றபோது கேதீஸ்வரிக்கு அழுகை வரவில்லை, நித்திரைதான் வந்தது.

தம்பி கஜானன் காலையில் சொன்னதுதான் இந்தச் செய்திக்குக் காரணம். வவுனியாவில் வங்கியில் வேலை. செய்தி கேட்டவுடன் வந்து, சவரம் செய்யாத முகத்தோடு எல்லாவற்றுக்கும் ஓடித்திரிகிறான். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, உன்ரை கம்பஸ் பெடியள் பஸ் பிடிச்சு வருகினமாமே."

"ஓம்."

"வரட்டும். அந்தப் பிள்ளையும் வருமோ?"

அவள் கேத்தலைத் திரும்ப அடுப்பில் வைத்தாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. ஊரின்ரை வாயைத்தான் யோசிக்கிறன். அம்மாவும் இல்லை. இனி இந்த வீட்டிலை நீ தனிய. நான் நாளண்டைக்கு வெளிக்கிட்டிடுவன். இஞ்சை இருக்கப்போறது நீ."

அவன் பொல்லாதவன் இல்லை. அவன் சொன்னதில் பிழையும் இல்லை, அதுதான் பிரச்சினை. கேதீஸ்வரிக்கு நாற்பத்திமூன்று வயது, கம்பஸில் விரிவுரையாளர். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று ஊர் கேட்கும்போதெல்லாம் "தாயைப் பாக்கவேணும், பாவம்" என்று யாராவது ஒருவர் பதிலும் சொல்லிவிடுவார். அந்தப் பதில் இன்று பின்னேரத்தோடு சுடலைக்குப் போகிறது. இனி ஊர் வேறு பதில் தேடும். தேடுவதற்கு முகப்புத்தகத்தில் ஒரு வீடியோ தயாராக இருக்கிறது.

போன வருசம் கம்பஸ் கலைவிழாவில் யாரோ எடுத்துப் போட்டது. வித்தியா சேலை உடுத்து மேடையில் ஆடுகிறாள். முடிந்ததும் கேதீஸ்வரி ஒலிவாங்கியைப் பிடித்து, திருநங்கை மாணவிகளும் எங்கள் மாணவிகள்தான், அவர்களுக்குத் துணை நிற்பது எங்கள் கடமை என்று நாலு வசனம் பேசுகிறாள். கைதட்டுக் கேட்கிறது. அதற்குக் கீழே ஊரும் உலகமும் எழுதியவற்றை அவள் பாதியில் வாசிப்பதை விட்டுவிட்டாள். அவர்களுடைய ஊர் அளவெட்டியில் அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் கண் தெரியாதவர்கள் மட்டும்தான்.

உண்மையில் அவள் அப்படி ஒரு போராளி இல்லை. முதலாம் வருச வகுப்பில் ஒருநாள் வரவு கூப்பிட்டு முடிந்த பிறகு, பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை வந்து மேசைக்கு முன்னால் நின்றது. "மிஸ், பதிவிலை இருக்கிற அந்த ஆம்பிளைப் பேரை வாசிக்காதேங்கோ. நான் கையெழுத்து மட்டும் வைக்கிறன்." அவ்வளவுதான் வித்தியா கேட்டது. அடுத்தநாளிலிருந்து கேதீஸ்வரி ஒருவருடைய பெயரையும் வாசிக்கவில்லை. தாளை வகுப்பில் சுற்றவிட்டாள். ஒரு பெயரை மட்டும் விட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தெரிந்ததால் எல்லாருடைய பெயரையும் விட்டாள். பிறகு வித்தியாவை வாடகை அறையை விட்டு எழுப்பிய வீட்டுக்காரரோடு கதைத்தாள். பகிடி விட்ட பெடியள் இரண்டு பேரைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்தாள். ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, ஓய்வறையில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு மாறுகிற அளவுக்கு ஆகிவிட்டது. அதுவும் ஒரு களைப்பு.

"எப்ப வேணுமெண்டாலும் வீட்டை வாங்கோ" என்று வித்தியாவிடம் சொன்னதும் அவள்தான்.

ஒருதரம் வந்தும் இருந்தாள். வகுப்பு ஒப்படைத் தாள்களைக் கொண்டுவந்து கொடுக்க. அவளை அம்மாவின் அறையில் இருத்திவிட்டுக் கேதீஸ்வரி மருந்துக் கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது வித்தியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வாய் கோணியிருந்தாலும் அம்மாவின் விசாரணை குறையவில்லை.

"எவ்விடம் பிள்ளை?"

"வல்வெட்டித்துறை அம்மா."

"கொப்பர் கடலுக்கோ?"

"ஓம். அப்பா முந்திக் கடலுக்குப் போறவர். இப்ப என்னோடை கதைக்கிறேல்லை."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. யாரையும் பூட்டன் வரைக்கும் விசாரிக்கிற மனுசி. பிறகும் ஒன்றும் சொல்லவில்லை, "அந்தப் பிள்ளைக்கு நல்ல பொறுமை, ஒரு நகத்திலையும் சதை பிடிபடேல்லை" என்பதைத் தவிர. அம்மாவுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று கேதீஸ்வரி கேட்டதில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

பறை முழங்கத் தொடங்கியது. வேலிப் படலையில் கஜானனும் பெரியப்பாவும் இன்னும் சில ஆண்களும் வரிசையாக நின்றார்கள். வருகிற ஆண்கள், நீட்டியிருந்த அவர்களுடைய கைகளில் தங்கள் கைகளை வைத்து எடுத்துவிட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்தார்கள். பெண்கள் அந்த வரிசையைக் கடந்து நேரே உள்ளே வந்து, பெட்டியின் தலைமாட்டில் இருந்த கேதீஸ்வரியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். யாருடைய தோளில் தலை வைத்தாலும் அவளுக்குக் கண் சொருகியது.

கம்பஸ் பஸ் வந்தது. பெடியள் வரிசையில் கை கொடுத்தார்கள். பெட்டைகள் உள்ளே வந்து கூச்சத்தோடு "மிஸ்" என்றுவிட்டு, கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். வித்தியா வரவில்லை. கேதீஸ்வரிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குத்துவிளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

உரலில் சுண்ணம் இடிக்கிற சடங்கு நடக்கிற நேரத்தில் யன்னலால் பார்த்தாள். படலையில் வித்தியா நின்றாள். வெள்ளைச் சுரிதார், சந்தியிலிருந்து வெயிலில் நடந்து சிவந்த முகம். பெரியப்பா பழக்கத்தில் கையை நீட்டினார். பக்கத்திலிருந்தவர் அவருடைய காதில் ஏதோ சொன்னார். நீட்டிய கையை இறக்குவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் பெரியப்பா அதை முன்னால் கட்டியிருந்த சால்வையில் துடைத்தார். வித்தியா இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டாள். ஆண்களின் செருப்புகள் ஒரு பக்கமும் பெண்களுடையவை வாசற்படியடியிலும் கிடந்தன. அவள் தன்னுடையதை இரண்டிலும் சேர்க்காமல் படலைத் தூணடியில் தனியாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

கேதீஸ்வரி எழுந்து கட்டிப்பிடித்தாள். பிடித்தது அரைக் கையால் என்று அவளுக்கே தெரிந்தது.

"மெசேஜ் பாத்தனான் மிஸ்" என்று வித்தியா காதோரம் மெல்லச் சொன்னாள். "எண்டாலும் வந்தனான். அம்மாவைப் பாக்கவேணும் போலை இருந்தது."

பெட்டிக்கருகில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் நிலத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் இடம் விட்டார்கள். ஒரு ஆள் உட்காருவதற்கு மூன்று ஆளுக்கான இடம். வாய்க்கரிசி போட எல்லாரும் எழுந்தபோது அவள் எழவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. கேதீஸ்வரியும் கூப்பிடவில்லை.

பெட்டியை மூடித் தூக்கினார்கள். அழுகை ஒரேயடியாக உயர்ந்தது. பெண்கள் தலைவிரி கோலமாகப் பின்னால் ஓடிவந்து படலையோடு நின்றார்கள். இந்தக் குடும்பத்தில் பெண்கள் அதற்கு அங்கால் போவதில்லை. வெடி கொளுத்திக்கொண்டு பெடியள் முன்னால் போனார்கள். கொள்ளிச்சட்டியோடு கஜானன் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான். பறைச் சத்தம் ஒழுங்கையால் திரும்பித் தேய்ந்தது.

பெண்களுக்குப் பின்னால், தூணோடு ஒட்டினாற்போல வித்தியா நின்றாள். சின்னம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை, நல்ல தன்மையாகத்தான் சொன்னாள்.

"ஆம்பிளையள் எல்லாம் வெளிக்கிட்டாச்சு. நீரும் போமன் தம்பி. சுணங்கினால் அவையளைப் பிடிக்கேலாது."

 யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். வித்தியா தலையை ஆட்டினாள். இப்படியான வசனங்களுக்கு அவள் எப்போதும் அப்படித்தான் ஆட்டுவாள், சரி என்றும் இல்லை என்றும் சொல்லாமல். குனிந்து ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தாள்.

கேதீஸ்வரி கம்பஸில் இதைவிடப் பெரிய வசனமெல்லாம் பேசியிருக்கிறாள். அங்கே ஒலிவாங்கி இருந்தது. மாலையில் பூட்டிவிட்டு வரக் கதவு இருந்தது. இங்கே நிற்கிறவர்கள் நாளைக்கும் இதே ஒழுங்கையில் நிற்பார்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருகிறவர்கள் இவர்கள்தான். பேசாமல் நின்றால் எல்லாம் தன்பாட்டில் முடிந்துவிடும். வித்தியா கோபிக்கமாட்டாள். திங்கட்கிழமை வந்து "மிஸ்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தபோதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"சின்னம்மா."

"என்ன பிள்ளை?"

"அவ தம்பி இல்லை. பொம்பிளைப் பிள்ளை. எங்களோடை நிண்டு வீடு கழுவுவா."

குரல் கரகரத்தது. அழுது அடைத்த குரல் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அது பயத்தில் அடைத்தது.

சின்னம்மா வித்தியாவை மேலும் கீழும் பார்த்தாள். "இது ஆரெண்டு தெரிஞ்சுதான் கதைக்கிறியோ?"

"ஓம். அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டவ."

வானம் இடிந்து விழும் என்று கேதீஸ்வரி எதிர்பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. பக்கத்து வீட்டு மனுசி நிலம் கழுவத் தும்புத்தடி எங்கே என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் இரண்டு பேர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் என்று வெளிக்கிட, மற்றவர்களும் கலைந்தார்கள். சின்னம்மா தன் கைப்பையைத் தேடி எடுத்தாள்.

"நான் இரவைக்கு நிக்கேலாது பிள்ளை. முழங்கால் குத்துது."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு வரைக்கும் உன்னோடுதான் நிற்பேன் என்று காலையில் சொன்னவள். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கமில்லை. சின்னம்மாவும் சொல்லாமலே போனாள். அது வழக்கத்துக்காகவா கோபத்துக்காகவா என்று இனி எட்டு நாளும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

வித்தியா நுழைத்த காலை மறுபடி வெளியே எடுத்தாள். "மிஸ், என்னாலை உங்களுக்கு..."

"கிணத்தடியிலை வாளி இருக்கு" என்றாள் கேதீஸ்வரி. "கப்பி கொஞ்சம் இறுக்கம். பாத்து இழுங்கோ."

பக்கத்து வீட்டு மனுசி தும்புத்தடியைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி கொண்டுவாறன் என்று போய்விட்டாள். மிஞ்சிய கேதீஸ்வரியும் வித்தியாவும் வீட்டைக் கழுவினார்கள். வித்தியா சுரிதார்க் காலை முழங்கால்வரை மடித்துவிட்டு வாளி வாளியாக அள்ளி ஊற்ற, கேதீஸ்வரி தள்ளினாள். அரிசி, பூவிதழ், சுண்ணத்தூள், மிதிபட்ட வெற்றிலை எல்லாம் சேர்ந்து வாசற்படியால் இறங்கின. அம்மாவின் பெட்டி இருந்த இடத்தை வித்தியா முழங்காலில் இருந்து கையால் தேய்த்தாள்.

"மிஸ், அவவுக்கு நகம் வளந்திருந்தது."

"ஓம். கடைசி மாசம் என்னாலை ஏலாமல் போட்டுது."

அப்போதுதான் கேதீஸ்வரிக்கு அழுகை வந்தது. தும்புத்தடியைப் பிடித்தபடியே நின்று அழுதாள். வித்தியா எழுந்து வரவில்லை. அதே இடத்தைத் திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

படியால் இறங்கிய தண்ணீர் முற்றத்தில் பரவிப் படலைப் பக்கமாக ஓடியது. கேதீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தூணடியில் அந்தச் செருப்பு தனியாகக் கிடந்தது. ஒரு வார் அறுந்து நூலால் தைத்திருந்தது. தண்ணீர் அதைத் தொடப்போனது. அவள் குனிந்து இரண்டையும் கையில் எடுத்தாள்.

"ஐயோ மிஸ், விடுங்கோ, நான் எடுக்கிறன்" என்று வித்தியா உள்ளேயிருந்து பதறினாள்.

வாசற்படியில் மற்றப் பெண்களின் செருப்புகள் எல்லாம் போய்விட்டிருந்தன. கேதீஸ்வரியுடையதும், ஒரு வருசமாக யாரும் போடாத அம்மாவின் பச்சை இறப்பர்ச் செருப்பும் மட்டும் இருந்தன. அவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டு, நடுவில் வித்தியாவினுடையதைச் சோடியாக வைத்தாள்.

"இன்னொரு வாளி ஊத்துங்கோ" என்றாள்.