மாமனாருக்கு வயதாகாத வருஷங்கள்

இலைச்சாறு எடுக்கும் கம்பெனியில் மருமகள் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மாமனார் சாவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்கு முன்பே டாக்டர் கைவிரித்து, சொந்தக்காரர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் வேலை, நிழலில் காய்ந்த கொய்யா இலையைப் பொடித்து, சாராயம் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, சூடு ஏறாமல் வற்றவைப்பது. கடைசியில் தங்கும் கரும்பச்சைப் பசையில்தான் எதையும் கெடவிடாத சத்து இருந்தது. முகக்கிரீம் செய்கிறவர்கள் வாங்கிப் போனார்கள். அவள் கையிலும் முடியிலும் ஒட்டி வந்ததே வீட்டுக்குப் போதுமாக இருந்தது. நறுக்கிய ஆப்பிள் கறுக்கவில்லை. ஜன்னல் கம்பியில் துரு ஏறவில்லை. மாமனார் எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியே வருஷக்கணக்காக இருந்தார். அதே இருமல், அதே முதுகுப் புண், அதே வலி. தேறவும் இல்லை, போகவும் இல்லை.

அவரைப் புரட்டி, துடைத்து, வேலைக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடி புரட்டினாள். கணவனுக்கு அப்பா என்றால் உயிர். ஆனால் அறைக்குள் கால் வைக்க மாட்டான். வாசலில் நின்றே, "அப்பா எப்படி இருக்காரு?" என்பான். "அப்படியேதான்" என்பாள். நிம்மதியாகப் போய்விடுவான்.

ஒருநாள் முதுகைத் துடைக்கும்போது மாமனார் சொன்னார்: "போதும்மா. எனக்கும் முடியல, உனக்கும் முடியல. நாளைக்கு அங்கயே குளிச்சிட்டு வா."

"உங்க பிள்ளை தாங்க மாட்டாரு மாமா."

"தாங்கறதுக்கு அவன் உள்ள வந்தாத்தானே."

மறுநாள் கம்பெனியிலேயே தலைக்குக் குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்தாள். அந்த வாரமே மாமனார் முகத்தில் புதுச் சுருக்கம் விழுந்தது. கணவன் வழக்கம்போல வாசலில் நின்று கேட்டான்.

"மாமாவுக்கு வயசாகுதுங்க. உள்ள வந்து உட்காருங்க" என்றாள்.

கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்தான். அப்புறம் அந்த மழைக்காலம் முழுக்க அவன்தான் புரட்டினான், துடைத்தான். மகன் கையால் வெந்நீர் வாங்கிக் குடித்த ஒரு காலையில் மாமனார் போய்ச் சேர்ந்தார். அவள் அழுதாள், பிறகு அடுப்படிச் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். யாரும் எழுப்பவில்லை.

இப்போதும் தெருவில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் அவளைக் கூப்பிடுகிறார்கள், குளிக்காமல் வந்து கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லி. போகிறாள். கூப்பிட்டவர்களைக் கேட்பதில்லை, படுத்திருப்பவரைத்தான் கேட்கிறாள், "உள்ள வரட்டுமா, வேணாமா?" என்று. வேண்டாம் என்று தலையசைத்தால், அப்படியே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறாள்.