வெள்ளைச் சுவரில் இசக்கிமணியின் நிழல்

அருண்பாண்டி ஜப்பானுக்குப் புறப்பட்ட அன்று காலை எட்டரை மணிக்கு, வடகரை இசக்கிமணியின் நிழலும் அவனோடு போய்விட்டது. இரண்டு பேரும் மாமன் மகன், அத்தை மகன். தென்காசியில் ஒரே வகுப்பில் ஜப்பான் மொழி படித்தார்கள். பரீட்சையில் இசக்கிமணிக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஜப்பான் வேலைக்கான நேர்காணலில் அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை என்று கழித்துவிட்டு, பாதிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அருணை எடுத்துக்கொண்டார்கள்.

புறப்படும் நேரத்தில் இசக்கிமணி வேண்டுமென்றேதான் அதைச் செய்தான். வாசலைத் தாண்டியவனைப் பின்னாலிருந்து, "ஏலே அருணு, பாஸ்போர்ட்ட எடுத்திட்டியா?" என்று கூப்பிட்டான். கிளம்பினவனைப் பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்பது அவனுக்குத் தெரியும். அருணின் அம்மா வள்ளித்தாய் அண்ணன் மகனை ஏசிவிட்டு, வழக்கப்படி மகனைத் திரும்ப அழைத்து உட்காரவைத்து ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அந்த இரண்டு நிமிடத்துக்கு அருண் பெட்டியை இறக்கிவைத்த இடம், வெயிலில் நின்ற இசக்கிமணியின் நிழல் மேல். முப்பது கிலோ பெட்டி. தூக்கியபோது நிழல் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு போனது. சாயங்காலம் கொடியில் துணி எடுக்க வந்த அவன் மனைவி சுகந்திதான் முதலில் பார்த்தாள். "என்னங்க, ஒங்க நெழலக் காணோம்?" என்றாள். 

ஆறு மாதம் கழித்து அருணுக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. அதே பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பழைய கோட்டை ஊரைப் பார்க்கப் போனான். மேலே நானூறு வருஷத்துக் கோட்டை, கீழே போர்வீரர்கள் குடியிருந்த தெரு. கறுப்பு ஓடு, வெள்ளைச் சுவர், வாய்க்காலில் கை நீளத்துக்குச் சிவப்பு மீன்; யாரும் பிடிப்பதில்லை. அங்கே ஒரு சுவரில் பெட்டியைச் சாய்த்தபோது நிழல் இறங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அருண் வீடியோ காலில் காட்டினான். "வரமாட்டேங்கு, அத்தான். இழுத்தா சுண்ணாம்பு உதிருது. கோட்டை ஆபீஸ்காரன் சத்தம் போடுதான்." அந்தத் தெருவில் எதையும் சேர்க்கக்கூடாது, எடுக்கவும் கூடாது. சேர்ந்துவிட்டதை எடுப்பதுதான் பெரிய குற்றம் என்று முடிவு செய்து, நிழலை அளந்து, பாதுகாக்கவேண்டிய பொருள் என்று பதினேழாம் எண் போட்டார்கள். அதைத் தெரிவித்து வடகரைக்கு ஒரு கடிதமும் வந்தது. ஊரில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இசக்கிமணி.

அருண் மேலிருந்த பொறாமை ஒரே வாரத்தில் நிழல் மேல் போய்ச் சேர்ந்தது. அருண் பத்து மணி நேரம் நின்று திருகாணி முடுக்குகிறான். நிழலுக்கு வேலை கிடையாது. மழைக்கு அதற்குக் கூரை போட்டார்கள், கூட்டத்துக்குக் கயிறு கட்டினார்கள். வடகரையில் சாலையை அகலப்படுத்த இசக்கிமணி வீட்டு முன்சுவரை இடித்தபோது யாரும் எண் போடவில்லை. ஜனவரியில் அங்கே பனி பெய்கிற நாட்களில் அவனுக்கு இங்கே குதிகால் விறைத்துப்போகும். சுகந்தி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

மூன்றாம் வருஷம் சாரல் சீசனுக்கு அருண் வந்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது இசக்கிமணி மெல்லக் கேட்டான்.

"அது எப்படிலே இருக்கு?"

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு. அத்தான், அது சிரிக்கு."

"நெழலுக்கு ஏதுலே வாயி?"

"தெரியல. ஆனா சிரிக்கு. பாக்கிறவனுக்கும் சிரிப்பு வருது. அதுக்குத்தான் அம்புட்டுக் கூட்டம்."

 மறுநாள் காலை எட்டரைக்கு இசக்கிமணி, முன்சுவர் இல்லாத வாசலில் வெயிலைப் பார்த்து நின்று சிரித்துப் பார்த்தான். வாய் கோணியது, பிறகு சரியாக வந்தது. தரையில் ஒன்றும் விழவில்லை.

சுகந்தி வாளியோடு நின்று பார்த்தாள். "இத இன்டர்வியூவுல செஞ்சிருக்கலாம்லா" என்றாள்.

அவன் வாயை மூடிக்கொண்டு, உரக்கடைக்கு மூட்டை இறக்கப் போனான். வெயில் அவனுக்குப் பின்னால் தரையில் அப்படியே கிடந்தது.