பித்தளைத் தட்டில் உப்பு மண்

பௌர்ணமியன்று கண்காட்சியைத் திறக்க வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? கிரிவலப் பாதையோரம் அருங்காட்சியகம் இருக்கிறதே, கூட்டம் வரட்டும் என்றார்கள் மேலிடத்தில். வந்தது. பாதிப் பேர் மின்விசிறிக்காக வந்தார்கள்.

2004 சுமத்ரா நிலநடுக்கம் பற்றிய கண்காட்சி. கடல் பொங்கியது எல்லாருக்கும் தெரியும். பொங்கிய தண்ணீர் வயலையும் கிணற்றையும் என்ன செய்தது என்று காட்டினோம். படங்கள், ஒரு பாட்டில் உப்புக் கிணற்றுநீர், அப்புறம் என் மண்.

நாகப்பட்டினம் பக்கம் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த என் அம்மா, அன்று காலை அவர்களுடைய கடலைக்கொல்லையில் நின்றிருந்தாள். உடல் கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்து கொல்லை வெள்ளையாக உப்புப் பூத்தபிறகு ஒரு டப்பா அள்ளி வந்தேன். அம்மா என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கண்காட்சிக்குக் கொடுக்க மனமே இல்லை. வேலை பார்க்கும் இடமாயிற்றே என்று கொடுத்தேன்.

கண்ணாடிப் பெட்டி வந்து சேரவில்லை. காகிதத்தில் கொட்ட மனம் ஒப்பாமல் வீட்டுப் பித்தளைத் தட்டில் பரப்பி வைத்தேன். இந்த ஊரில், பௌர்ணமியில், பித்தளைத் தட்டில் வெள்ளைப் பொடி. எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

காலை முழுக்க ஒரு இடத்தில் உட்காரவில்லை. பதினொரு மணிக்குப் பக்கத்து அறையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்களை விளக்கிவிட்டு ஓடிவந்தால், தட்டு காலி. ஒரு செவ்வந்திப் பூ மட்டும் கிடந்தது. காவலாளி ஜானி பாஷா கையைப் பிசைந்தார். அவர் வாசல் நெரிசலைப் பார்க்கப் போன நேரத்தில் ஆளுக்கொரு சிட்டிகை பூசிக்கொண்டு போய்விட்டார்களாம்.

தெருவுக்கு ஓடினேன். பாதை முழுக்க நெற்றிகள், எல்லாவற்றிலும் வெள்ளை. எது திருநீறு, எது என் அம்மா? பார்க்கிறவர்களை எல்லாம் அறையலாம் போல ஆத்திரம் வந்தது. என்னை நானே அறைந்துகொள்ளவும் தோன்றியது.

வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் துப்பிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, உங்க ஆபீஸ் திருநீறு இப்படி உப்புக் கரிக்குது?”

மூச்சுவாங்கச் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் முகம் செத்துப்போனது. துண்டை எடுத்தவர் நெற்றியைத் துடைக்கவும் பயந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வீட்டுக்காரிக்கென்று மடித்து வைத்திருந்தாராம்.

“இத வச்சிக்கோம்மா. வாயில போட்டது உள்ள போயிடுச்சே, நான் இன்னா பண்றது?”

பொட்டலத்தில் கால் ஸ்பூன் இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் பீரோவில் பூட்டி வைத்தேன். அம்மாவுக்கு ஒரு காரியமும் செய்யவில்லை. செய்தால் செத்துவிட்டாள் என்று ஆகிவிடுமே. பொட்டலத்தை அவர் பையிலேயே திருப்பி வைத்தேன்.

“நீங்களே எடுத்துட்டுப் போங்க ஐயா. போற வழியில தண்ணி இருந்தா கரைச்சிடுங்க. அவங்க பேரு பச்சையம்மாள்.”