பழைய ஆள்

ஒன்பது வருஷம் தபீதாள்தான் தன் கணவர் வேதசிரோமணிக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டாள். அவருக்குப் பார்க்கின்சன்ஸ் என்கிற நடுக்க நோய். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் கொட்டிவிடும். வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே கிழக்குத் தாம்பரம் வீட்டில் தரை முழுக்க மஞ்சள் டேப்பைக் கோடு கோடாக ஒட்டிவைத்து, ஒவ்வொரு கோடாகத் தாண்டச் சொல்லி, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணி நடத்துவாள்.

ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில்தான் அவர் அவளிடம் மனுஷனாகப் பேசினார். அதற்கு முன்னால் இருபது வருஷம், ரசத்தில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். விருந்தாளிகள் எதிரிலேயே, "இவளுக்கு ஒரு இழவும் தெரியாது" என்பார். நோய் முற்றிய பிறகு ஒரு மத்தியானம், அவள் நகம் வெட்டிவிடும்போது, "உன்னை ரொம்பப் படுத்திட்டேன் தபீதா" என்று அழுதார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே அவள் மிச்ச வருஷங்களை ஓட்டினாள்.

கடைசியில் நடுக்கத்தை அடக்க ஆபரேஷன் செய்து, மூளைக்குள் கம்பி செருகி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து டாக்டர் இஃப்ரா அதை ஆன் பண்ணினார். வலது கை நடுக்கம் சட்டென்று நின்றது. தபீதாள் அங்கேயே தேம்பி அழுதாள்.

பத்தாம் நாள், "இது காபியா, கழுநீரா?" என்று டம்ளரைத் தள்ளினார். அடுத்த வாரம் தரையில் உட்கார்ந்து டேப்பை எல்லாம் உரித்துப் போட்டார். "வீட்டை ஆஸ்பத்திரியாக்கி வெச்சிருக்கா."

சர்ச்சில் எழுந்து நின்று, தான் குணமானதைச் சாட்சியாகச் சொன்னார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், டாக்டருக்கு நன்றி, ஜெபித்த சபையாருக்கு நன்றி. தபீதாள் தன் பெயர் வருமென்று காத்திருந்தாள். ஆமென் வந்ததும் எல்லாரோடும் எழுந்து நின்றாள்.

மூன்றாம் மாதச் செக்கப்பில், அவரை நடைப் பரிசோதனைக்கு வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் இஃப்ரா கேட்டார்: "அவருக்குக் கோபம் ஜாஸ்தியா வருதாம்மா? கரண்ட் கூடிப்போனா சிலருக்கு அப்படி ஆகும். கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாம். கை மட்டும் லேசா நடுங்கலாம். நோய் வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?"

தங்கமான மனுஷன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். கை மறுபடி நடுங்கும், அவளைத் தேடும். தபீதாள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"முன்னாடியும் இப்படித்தான் டாக்டர்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்போ உங்க பழைய ஆளையே திருப்பிக் கொடுத்துட்டோம்னு சொல்லுங்க!"

"ஆமா டாக்டர்."

கிண்டி ஸ்டேஷனில் அவர் விடுவிடுவென்று முன்னால் போய் ரயிலேறிவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஓடிப்போய் லேடீஸ் பெட்டியில் ஏறினாள். தாம்பரத்தில் இறங்கினால், படிக்கட்டருகே நின்றுகொண்டிருந்தார். எனக்காக நிற்கிறாரே என்று அவள் நெஞ்சு ஒரு கணம் இளகியது.

"எவ்வளவு நேரம்? சாவி உங்கிட்டதானே இருக்கு!"

எடுத்துக் கொடுத்தாள். "நான் ஊரப்பாக்கம் போறேன். தங்கச்சி வீட்டுக்கு."

"ராத்திரி சாப்பாடு?"

"அரிசி டப்பால இருக்கு. கைதான் நல்லாயிடுச்சே."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அவள் ஊரப்பாக்கம் வழியாகப் போகும் செங்கல்பட்டு வண்டிக்காகப் பிளாட்பாரத்திலேயே நின்றாள்.

நாலு நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது.

"சீரகம் எந்த டப்பால இருக்கு?"

தபீதாள் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார்.